சிட்னித் துறைமுகப் பாய்மரக் கப்பல்கள்: புகைப்படம் காட்டுவதும் மறைப்பதும்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம் போர்ட் ஜாக்சன் என்னும் இயற்கைத் துறைமுகத்தின் கரையில் அமைந்துள்ளது. பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் இப்போது இங்கு வருவதில்லை. 1970களின் இறுதியிலிருந்து அவை தெற்கே உள்ள பாட்டனி விரிகுடாவுக்கு மாறிவிட்டன. இன்று இந்த நீரில் ஓடுபவை பயணிப் படகுகள், உல்லாசக் கப்பல்கள், பந்தயப் படகுகள். அவற்றுக்கு நடுவே சில பாய்மரக் கப்பல்களும் ஓடுகின்றன. ஒரு பக்கம் ஓபரா மாளிகை, தலைக்கு மேல் எஃகு வளைவுப் பாலம், பின்னால் கண்ணாடிக் கோபுரங்கள். நடுவில் மூன்று பாய்மரங்களும் வலைபோன்ற கயிறுகளுமாக ஒரு கப்பல். கையில் கைபேசி வைத்திருப்பவர் யாரும் அதைப் படம் எடுக்காமல் இருப்பதில்லை.

அப்படி எடுக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்படும் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். பலர் நகரத்தை வெட்டிவிடவே முயல்கிறார்கள். கோபுரம் விழாத கோணம், விசைப்படகு குறுக்கே வராத நொடி, பிறகு கணினியில் பழுப்பு நிறம். 'நூறு ஆண்டுக்கு முன் எடுத்த படம் போலவே இருக்கிறது' என்ற பாராட்டும் கிடைக்கிறது. பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு இந்தப் பாராட்டு உறுத்துகிறது. நூறு ஆண்டுக்கு முன் உண்மையாகவே எடுத்த படங்கள் அப்படி இல்லை என்பது ஒரு காரணம். வெட்டி எறியப்படும் பகுதியில்தான் அந்தக் கப்பலின் வரலாற்றில் பாதி இருக்கிறது என்பது மற்றொரு காரணம். இந்த இரண்டையும் சிட்னியின் கப்பல்களைக் கொண்டே இக்கட்டுரை விளக்குகிறது.

கேமராவைக் கொண்டுவந்த கப்பல்

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டு பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது சிட்னியை அடைந்தது. கொண்டுவந்தவர் ஒரு மாலுமி. ஜஸ்டீன் என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவரான லூக்கா 1841 மே 13ஆம் நாள் சிட்னியின் பிரிட்ஜ் தெருவில் ஒரு படம் எடுத்துக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ள முதல் புகைப்படம் அதுவே. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேராகப் பதியும் டாகெரோடைப் முறை அது. படி எடுக்க முடியாது. அந்தத் தகடு இன்று இல்லை.

அடுத்து வந்தது ஈரத் தகட்டு முறை. கண்ணாடியில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். ஒளி படவேண்டிய நேரம் சில நொடிகள். ஓடும் கப்பலை இம்முறையில் எடுப்பது ஏறக்குறைய இயலாத செயல். நங்கூரமிட்ட கப்பல்கூட அலையில் அசைந்தால் பாய்மரத்தின் நுனி மங்கிவிடும். அதனால்தான் அக்காலப் படங்களில் கரையோரக் கட்டடங்கள் கல்வெட்டுப்போல் தெளிவாகவும், கப்பல்களின் மேற்பகுதி புகைபோலவும் தெரிகின்றன.

இந்தக் காலத்தின் பெரிய சாதனை ஹோல்டர்மன் அகலப்படம். தங்கச் சுரங்கத்தில் செல்வரான பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், துறைமுகத்தின் வடகரையில் இருந்த தம் வீட்டுக் கோபுரத்தையே கேமரா மேடையாக்கி, சார்லஸ் பேலிஸ் என்ற புகைப்படக்காரரைக் கொண்டு 1875இல் சிட்னியை எடுக்கச் செய்தார். 23 படங்களை வரிசையாக ஒட்டிய அந்த அகலப்படம் ஏறத்தாழ 10 மீட்டர் நீளம். இதே கோபுரத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமுள்ள கண்ணாடித் தகடுகளிலும் படம் எடுத்தார்கள். நகரத்தின் செழிப்பை உலகுக்குக் காட்டுவதே நோக்கம். கப்பல்களை எடுக்க வேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை. ஆனாலும் கூரைகளுக்கும் கிடங்குகளுக்கும் இடையே பாய்மரங்கள் தெரிகின்றன. அன்றைய சிட்னியில் கப்பல் விழாமல் துறைமுகத்தைப் படம் எடுக்க முடியாது. இன்று பாய்மரக் கப்பல் படத்தில் நகரம் விழாமல் எடுக்கப் பாடுபடுகிறோம். 150 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1880ஐ ஒட்டி உலர் தகடுகள் கடைக்கு வந்தன. முன்கூட்டியே தயாரித்த தகடு, ஒளி படும் நேரம் நொடியில் ஒரு பங்கு. இருட்டறைக் கூடாரத்தைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. கப்பலில் இருந்தவர்களே படம் எடுக்கத் தொடங்கினர். சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கம்பளி ஏற்றிச்சென்ற புகழ்பெற்ற கட்டி சார்க் கப்பலின் தலைவர் ரிச்சர்ட் வுட்ஜெட் (1885 முதல் 1895 வரை பொறுப்பில் இருந்தவர்) அவர்களுள் ஒருவர். காற்று ஓய்ந்த ஒரு நாளில் இரண்டு சிறு படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் கேமராவை நிறுத்தி, நடுக்கடலில் தம் கப்பலையே அவர் படம் பிடித்தார்.

இழுவைப் படகில் ஒரு புகைப்படக்காரர்

சிட்னித் துறைமுகத்தைப் பொறுத்தவரை மாணவர்கள் முதலில் அறிய வேண்டிய பெயர் சாமுவேல் ஹூட் (1872-1953). அவர் கலைக்காகக் கப்பலை எடுத்தவர் அல்லர், பிழைப்புக்காக எடுத்தவர். வெளிநாட்டுப் பாய்மரக் கப்பல் ஒன்று துறைமுக வாயிலுக்கு வருகிறது என்று தெரிந்தால், அதை இழுத்துவரச் செல்லும் இழுவைப் படகிலேயே ஏறிப் போய்விடுவார். உள்ளே வரும் கப்பலை எடுப்பார். பிறகு மேல்தளத்தில் ஏறித் தலைவரையும் மாலுமிகளையும் வரிசையாக நிறுத்தி எடுப்பார். படிகளை அவர்களிடமே விற்பார். ஒரு மாலுமி வாங்கிய படம் நார்வேயிலோ ஸ்காட்லாந்திலோ இருந்த தாய்க்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் அடுத்த பயணத்தோடு காணாமற்போன கப்பல்கள் உண்டு. அத்தகைய வீடுகளில் இந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கப்பல்கள் தொடர்பாக அவரிடமிருந்த சுமார் 9,000 நெகட்டிவ்கள் இப்போது சிட்னியிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் பலவற்றை அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பெயர் தெரியாத முகங்களையும் கப்பல்களையும் அடையாளம் காணப் பொதுமக்கள் உதவினார்கள். தமிழ் மாணவர்களும் இவற்றைப் பார்க்கலாம். மொழி ஒரு தடையே அல்ல.

பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹூட் எடுத்த பல படங்களில் கப்பல்கள் பாய் விரித்திருக்கவில்லை. பருமல் எனப்படும் குறுக்குக் கட்டைகளில் பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். முன்னே ஓர் இழுவைப் படகு கரும்புகை கக்கிக்கொண்டு இழுக்கும். பின்னே நீராவிக் கப்பலும் பாரந்தூக்கியும் தெரியும். காரணம் எளியது. சதுரப் பாய்க் கப்பல் காற்றுக்கு எதிரே நேராகச் செல்ல முடியாது. அது திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும். வளைவும் நெரிசலுமான துறைமுகத்துக்குள் அதை இழுத்துத்தான் வரவேண்டும். பாய் விரிப்பது வாயிலுக்கு வெளியே. எனவே 'அக்காலத் துறைமுகம்' என்றதும் நம் மனத்தில் தோன்றும் காட்சி, விரிந்த வெள்ளைப் பாய்களோடு நகரத்தின் நடுவே மிதந்துவரும் கப்பல், பெரும்பாலும் ஓவியர்களும் திரைப்படக்காரர்களும் தந்தது. உண்மையான படத்தில் புகை இருக்கும்.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சென்ற தோணிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைகூட இருந்தன. பின்பு அவற்றுக்கு எஞ்சின் வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அவ்வூர் மாலுமிகள் அதைச் செலுத்திச்சென்று 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தோணி ஓட்டிய குடும்பங்களின் பழைய பெட்டிகளில் இன்னும் படங்கள் இருக்கக்கூடும். பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதிவைக்க இதுவே நேரம். எழுதத் தெரிந்த, நினைவிருக்கிற பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஜேம்ஸ் கிரெய்க்: ஒரே கப்பல், பல உடல்கள்

இன்றைய சிட்னியில் உண்மையிலேயே பழைய பாய்மரக் கப்பல் என்றால் அது ஜேம்ஸ் கிரெய்க். இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் 1874இல் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் கிளான் மக்லவுட். உடல் இரும்பு, 671 டன், நீளம் ஏறத்தாழ 55 மீட்டர். முதல் இரண்டு பாய்மரங்களில் சதுரப் பாய்களும் கடைசிப் பாய்மரத்தில் நீளவாட்டுப் பாய்களும் கொண்ட இந்த அமைப்பைப் பார்க் என்பார்கள். எல்லாப் பாய்மரங்களிலும் சதுரப் பாய் கொண்ட கப்பலைவிட இதற்குக் குறைந்த ஆட்கள் போதும். கூலியை மிச்சப்படுத்த விரும்பிய முதலாளிகளுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கட்டி முடிக்கும்போதே அதன் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தாகிவிட்டது. செங்கடலின் காற்று பாய்மரக் கப்பலுக்கு ஒத்துவராது; நீராவிக் கப்பலுக்கு அந்தக் கவலை இல்லை. ஆகவே பாய்மரக் கப்பல்கள் நீண்ட கடல்வழிகளுக்கும் அவசரமில்லாத சரக்குகளுக்கும் ஒதுங்கின. கிளான் மக்லவுட் 26 ஆண்டுகளில் 23 முறை தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றியது. 1900இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து வணிகர் ஜே. ஜே. கிரெய்க் அதை வாங்கினார். 1905இல் பெயர் ஜேம்ஸ் கிரெய்க் ஆயிற்று.

1911இல் அது கப்பல் என்ற நிலையையே இழந்தது. நியூகினியில் கொப்பரை சேமித்துவைக்கும் மிதக்கும் கிடங்காக நிறுத்தப்பட்டது. முதல் உலகப்போரால் கப்பல்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மீண்டும் பாய்மரம் பொருத்தி ஓடவிட்டார்கள். அதுவும் சில ஆண்டுகளே. பிறகு டாஸ்மேனியாத் தீவின் தென்கோடியிலுள்ள ரெஷெர்ஷ் விரிகுடாவில் நிலக்கரி வைக்கும் கிடங்காயிற்று. 1932இல் அது கட்டறுந்து கரை ஒதுங்கியது. பின்புறத்தில் வெடிவைத்துத் துளையிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டதும் அதே 1932இல்தான், மார்ச் 19ஆம் நாள்.

நாற்பது ஆண்டுகள் அது துருப்பிடித்துக் கிடந்தது. 1972இல் சிட்னியிலிருந்து தன்னார்வலர்கள் சென்று, துளைகளை அடைத்து, நீரை இறைத்து மிதக்கவைத்தனர். 1973இல் ஹோபார்ட்டுக்கும் 1981இல் சிட்னிக்கும் இழுத்துவரப்பட்டது. 1997இல் மீண்டும் நீரில் இறங்கியது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் பாய் விரித்து ஓடியது. சிட்னி ஹெரிடேஜ் ஃப்ளீட் என்னும் அமைப்பு அதை நடத்துகிறது; கயிறு இழுப்பவர்களிலிருந்து துரு சுரண்டுபவர்கள் வரை பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். என்னைப்போல் ஓய்வுபெற்றவர்கள் அவர்களில் நிறைய என்று அறிந்தபோது மகிழ்ந்தேன்.

அப்படியானால் இன்று நாம் படம் எடுப்பது 1874ஆம் ஆண்டுக் கப்பலையா? இரும்பு உடலில் பழைய தகடுகளும் உண்டு, புதியவையும் உண்டு. கிடங்காக மாற்றியபோது கழற்றப்பட்ட பாய்மரங்களும் கயிறுகளும் பாய்களும் பிற்காலத்தில் புதிதாக அமைக்கப்பட்டவை. உள்ளே டீசல் எஞ்சின் இருக்கிறது. உயிர்காப்பு மிதவைகளும் வானொலிக் கருவியும் இருக்கின்றன. அவை இல்லாமல் பயணிகளை ஏற்றச் சட்டம் இடம் தராது. பழைமை விரும்பும் புகைப்படக்காரர் இவற்றை எல்லாம் மறைக்கப் பார்க்கிறார். ஆனால் கொப்பரைக் கிடங்கு, நிலக்கரிக் கிடங்கு, பின்புறத் துளை, தன்னார்வலரின் பற்றவைப்பு, டீசல் எஞ்சின் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கப்பலின் வாழ்க்கை. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சதுரப் பாய்க் கப்பல்களில் இன்றும் கடலோடுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அது எப்படி உயிர் பிழைத்தது என்ற கேள்விக்கான விடை அந்த மிதவைகளில்தான் இருக்கிறது.

வராத கப்பலின் படம்

இதே துறைமுகத்தில், ஜேம்ஸ் கிரெய்க் நிற்கும் டார்லிங் ஹார்பர் பகுதியில், கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் எண்டெவர் என்ற மரக்கப்பலும் நிற்கிறது. அழகில் இது ஒருபடி மேல். இது பழைய கப்பல் அன்று. கேப்டன் ஜேம்ஸ் குக் 1768 முதல் 1771 வரை சென்ற எண்டெவரின் நகலாக மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் கட்டப்பட்டு 1993 டிசம்பரில் நீரில் இறங்கியது. கட்டியவர்கள் மிகுந்த அக்கறையுடன் பழைய வரைபடங்களைப் பின்பற்றினார்கள். கடலோடும் நகல் கப்பல் என்ற வகையில் இது சிறந்த ஒன்று.

ஓபரா மாளிகையின் முன்னால் எண்டெவர் மிதக்கும் படத்தைப் பார்ப்பவர், குக் இங்கே வந்தார் என்றுதான் நினைப்பார். அவர் இங்கே வரவில்லை. 1770 ஏப்ரலில் அவர் இறங்கியது தெற்கே உள்ள பாட்டனி விரிகுடாவில். மே மாதத் தொடக்கத்தில் வடக்கு நோக்கிச் செல்லும்போது இந்தத் துறைமுக வாயிலைக் கடலிலிருந்தே பார்த்து, போர்ட் ஜாக்சன் என்று பெயர் குறித்துவிட்டு, உள்ளே நுழையாமலே சென்றுவிட்டார். ஆகவே துறைமுகத்துக்குள் எண்டெவரின் படத்திலிருந்து ஓபரா மாளிகையை வெட்டிவிட்டால், மிஞ்சுவது ஒருபோதும் நடக்காத நிகழ்ச்சியின் புகைப்படம். ஓபரா மாளிகையை விட்டுவைத்தால் அது 'அருங்காட்சியகத்தின் நகல் கப்பல், 21ஆம் நூற்றாண்டு' என்ற உண்மையான ஆவணம். வெட்டும் கோடு சில மில்லிமீட்டர் நகர்வதில் இவ்வளவு வேறுபாடு.

இன்னொரு நகல் இதைவிட வேடிக்கையானது. திரைப்படத்துக்காக 1978இல் நியூசிலாந்தில் கட்டப்பட்ட பவுண்ட்டி கப்பல் பல ஆண்டுகள் சிட்னியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓடியது. பிறகு ஹாங்காங்குக்குச் சென்றது. அதன் உடல் எஃகு; மேலே மரப்பலகை போர்த்தியிருந்தார்கள். எத்தனை வீட்டு ஆல்பங்களில் அது 18ஆம் நூற்றாண்டுக் கப்பலாகப் பதிந்திருக்கிறதோ!

1988ஆம் ஆண்டு ஜனவரி 26

1788 ஜனவரி 26ஆம் நாள் 11 கப்பல்கள் கொண்ட முதல் கப்பல்தொகுதி பிரிட்டனின் கைதிகளுடன் சிட்னிக்கு வந்து சேர்ந்தது. அப்போது புகைப்படம் கிடையாது. ஓவியங்களும் நாட்குறிப்புகளுமே சான்று. இருநூறு ஆண்டு நிறைவில், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 1987 மே மாதம் புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள் அதே ஜனவரி 26 அன்று துறைமுகத்துக்குள் நுழைந்து அந்த வருகையை நடித்துக் காட்டின. பல நாடுகளின் பெரிய பயிற்சிப் பாய்மரக் கப்பல்களும் அணிவகுத்தன. நீர்ப்பரப்பே தெரியாத அளவுக்குச் சிறு படகுகள். ஆஸ்திரேலியாவில் மிகுதியாகப் படம் எடுக்கப்பட்ட நாள்களில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தக் கப்பல்களின் பாய்களில் கோகோ-கோலா விளம்பரமும் பறந்தது. பயணத்துக்குப் பணம் போதாமல் விளம்பரதாரரைத் தேட வேண்டியிருந்தது. அன்று அதைக் கண்டு பலர் முகம் சுளித்தார்கள். புத்தகத்துக்குப் படம் தேடும் ஒருவர் விளம்பரம் தெரியாத கோணத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். என்னிடம் கேட்டால் விளம்பரம் தெரியும் படத்தையே வகுப்பில் காட்டுவேன். அது எந்த ஆண்டின் படம் என்று எந்த மாணவனும் குழம்ப மாட்டான்.

இதைவிடப் பெரிய வெட்டு ஒன்று உண்டு. அதே நாளில் சிட்னித் தெருக்களில் 40,000க்கும் மேற்பட்டோர் ஊர்வலம் சென்றனர். நாடெங்கிலுமிருந்து பேருந்துகளில் வந்த பழங்குடி மக்களும் அவர்களுக்குத் துணைநின்ற பிறரும் அதில் இருந்தனர். அவர்களுக்கு 1788 என்பது வருகை அன்று, ஆக்கிரமிப்பு. துறைமுகக் கரையில் வாழ்ந்த காடிகல் மக்கள், கப்பல்கள் நங்கூரமிட்ட சிட்னிக் கோவை வாரன் என்று அழைத்தனர். முதல் கப்பல்தொகுதி வந்த அடுத்த ஆண்டே, 1789இல், பெரியம்மை அவர்களில் மிகப் பலரைக் கொன்றது. 1988ஆம் ஆண்டின் பாய்மரப் படங்களுக்கு அருகில் அந்த ஊர்வலத்தின் படம் ஒன்றாவது இல்லையென்றால், அந்த நாளின் வரலாற்றை நாம் பார்க்கவில்லை, கொண்டாட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறோம். கப்பலின் அழகை ரசிப்பதற்கு இது தடையல்ல. நானும் ரசிக்கிறேன்.

படம் எடுக்கச் செல்பவருக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சிட்னிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குச் செல்லும் பெற்றோர் இப்போது பலர். அவர்களுக்கும் அங்கு படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் சில செய்திகள்.

முதலில் சூரியன். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் சற்றே தெற்கில் சாய்ந்திருக்கும். சிட்னி மகர ரேகைக்கும் தெற்கே இருப்பதால் அங்கு நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கில். சர்க்குலர் கீ, மிசஸ் மக்வாரிஸ் சேர் போன்ற தென்கரை இடங்களில் நின்று துறைமுகத்தைப் பார்த்தால் வெயில் எதிரே வரும். கப்பல் கருநிழலாக விழும். வடகரையில் உள்ள புளூஸ் பாயின்ட், மில்சன்ஸ் பாயின்ட், பிராட்லீஸ் ஹெட் ஆகியவற்றில் நின்றால் வெயில் முதுகுப்புறம். கப்பலும் அதன் பின்னே நகரமும் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலும் வீண் அன்று. விரித்த பாய்க்குப் பின்னிருந்து ஒளி வந்தால் துணி விளக்குப்போல் ஒளிர்ந்து தையல்கோடுகள்கூடத் தெரியும்.

அடுத்தது பின்னணி. கோபுரங்களின் சன்னல் கட்டங்கள் கப்பலின் கயிறுகளை விழுங்கிவிடும். ஒரு வலைமேல் இன்னொரு வலையை வைத்தது போல் ஆகிவிடும். நகரமும் வேண்டும், கயிறும் தெரிய வேண்டும் என்றால், இரண்டு கோபுரங்களுக்கு இடையே வானம் தெரியும் இடத்துக்குப் பாய்மரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். காலைப் பனிமூட்டம் இதற்கு நல்ல துணை; நகரம் வெளிறிப் பின்னுக்குப் போய், கப்பல் கறுத்து முன்னுக்கு வரும். நீர்மட்டத்துக்கு அருகில் நின்று எடுத்தால் பாய்மரம் வானத்தில் ஏறும். பாலத்தின் மேலிருந்து எடுத்தால் மேல்தளமும் அங்கு வேலை செய்யும் மனிதர்களும் கிடைப்பார்கள்.

பாலத்தின் தளத்துக்கும் நீருக்கும் இடையே உள்ள உயரம் 49 மீட்டர். வளைவின் உச்சி 134 மீட்டர். டார்லிங் ஹார்பரிலிருந்து கடலுக்குச் செல்லும் ஜேம்ஸ் கிரெய்க் இதன் அடியில்தான் போயாக வேண்டும். அந்த ஒரு படமே அளவுகோல். ஹார்ன் முனையை 23 முறை சுற்றிய கப்பல் பாலத்தின் கீழே தீக்குச்சிப் பொம்மைபோல் தெரியும்.

பாய் விரித்துத்தான் கப்பல் போகும் என்று எதிர்பார்த்துக் கரையில் காத்திருப்பவர்கள் ஏமாறுவது வழக்கம். உள்துறைமுகத்தில் பெரும்பாலும் எஞ்சினில்தான் செல்கிறது. பாய்கள் வாயிலை நெருங்கும்போதோ அதற்கு வெளியிலோதான் விரிகின்றன. ஹூட்டின் படங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு இதில் ஏமாற்றம் இருக்காது. சுருட்டிய பாய்களோடு நகரத்தைக் கடக்கும் கப்பல்தான் பழைய வழக்கத்துக்கு நெருக்கமானது. இழுவைப் படகின் இடத்தில் எஞ்சின், அவ்வளவே. விரிந்த பாய்கள் வேண்டுமென்றால் துறைமுக வாயிலின் தென்முனையான சவுத் ஹெட் பாறைகளுக்குச் செல்ல வேண்டும். அல்லது பயணச்சீட்டு வாங்கிக் கப்பலிலேயே ஏற வேண்டும். அப்போது கப்பல் முழுதாகப் படத்தில் விழாது. ஆனால் கயிறு இழுக்கும் கைகள் விழும்.

வெயிலில் வெள்ளைப் பாய் இருந்தால் கேமரா காட்சியைத் தேவைக்கு மேல் இருட்டாக்கும். ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற கேமராவில் கடிகாரத்தையும் மாற்ற வேண்டும். சிட்னி நேரம் இந்திய நேரத்தைவிட நாலரை மணி, கோடையில் ஐந்தரை மணி முன்னே இருக்கும். மாற்றாவிட்டால் மாலைப் படம் நண்பகல் படமாகக் கோப்பில் பதிந்துவிடும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பிற்காலத்தில் யாரோ ஒருவர் மண்டையை உடைத்துக்கொள்வார்.

படக்குறிப்பு

ஹூட்டின் நெகட்டிவ்களில் கப்பலின் பெயர் தெரிந்தவை ஆய்வாளருக்கு உடனே பயன்படுகின்றன. பெயரில்லாதவற்றுக்குப் பலரின் உழைப்பு தேவைப்பட்டது. எனவே இணையத்தில், குறிப்பாகக் கலைக்களஞ்சியத் தளங்களில் ஏற்றும் படத்துக்கு இவ்வளவாவது எழுதப்பட வேண்டும்: கப்பலின் பெயர், முதலில் கட்டிய ஆண்டும் ஊரும், பழைய கப்பலா நகலா, எஞ்சினில் ஓடுகிறதா பாயில் ஓடுகிறதா, படம் எடுத்த இடம், நாள், நேரம், ஓரம் வெட்டியிருந்தால் அந்தச் செய்தி. எடுத்துக்காட்டாக, 'எண்டெவர், குக்கின் 18ஆம் நூற்றாண்டுக் கப்பலின் நகல், ஃப்ரீமாண்டிலில் கட்டி 1993இல் நீரில் இறக்கப்பட்டது; எஞ்சினில் செல்கிறது; மில்சன்ஸ் பாயின்டிலிருந்து, பிற்பகல் 3 மணி' என்று எழுதி, தேதியையும் சேர்க்க வேண்டும். வெட்டாத மூலக் கோப்பைத் தனியே சேமித்து வைப்பதும் நல்லது. ஓரத்தில் அரைகுறையாகத் தெரியும் ஒரு கட்டடம், கட்டி முடிக்காத ஒரு கோபுரம், பின்னால் செல்லும் பயணிப் படகின் பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கொண்டே பழைய படங்களின் ஆண்டை இன்று கண்டுபிடிக்கிறார்கள். 1929, 1930ஆம் ஆண்டுப் படங்களுக்கு இது மிக எளிது: பாலத்தின் இரண்டு கரங்களும் நடுவில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்த்தாலே மாதம் வரை கணித்துவிடலாம்.